ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் உடம்பில் ஒன்றுமில்லையா?



'மெட்ராஸ் ஐ' என்றால் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கண் சிவக்கும், உறுத்தும், பீளை தள்ளும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இன்னொரு நோயும் உலகத்து டாக்டர்களின் புத்தகங்களில் இருக்கிறது. 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று அதற்குப் பெயர். நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்போம்?

1970-ம் வருஷம் சென்னை டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் இதை முதன்முதலில் எழுதி வெளியிட்டார்கள். 1950-ல் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் மூளை நரம்பு ஆபரேஷன் பிரிவைத் தொடங்கி வைத்த அதே ராமமூர்த்திதான். இளவயசுக்காரர்களுக்குக் கை கால் சதை கரைகிறது, முகமும் நாக்கும் பலம் குறைகிறது, பலருக்குக் காதும் மந்தமாகிறது. ஆனால் மற்ற வகைகளைப் போல ஆளைச் சீக்கிரம் கொண்டுபோகாமல் வருஷக்கணக்கில் மெல்ல நகர்கிறது. இதுதான் அவர்கள் கண்டது. பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் 1971 முதல் 2007 வரை 36 வருஷமாகப் பார்த்த 116 பேரின் விவரத்தை 2008-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயசை ஒட்டித் தொடங்கும் இது, அதிகமாகக் காணப்படுவது நம் தென்னிந்தியாவில்தான்.

இது அபூர்வம். ஆனால் இதன் அண்ணன் முறையான சாதாரண மோட்டார் நியூரான் நோய் உலகம் முழுக்க இருக்கிறது. மேல்நாட்டுக் கணக்குப்படி ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்குச் சுமார் இரண்டு பேருக்குப் புதிதாக வருகிறது. நிம்ஹான்ஸில் 30 வருஷத்தில் பார்த்த 1153 பேரின் கணக்கில், நோய் தொடங்கிய சராசரி வயசு 46. மேல்நாட்டில் அறுபதை ஒட்டி வருவது நம்மவர்களுக்குப் பத்து வருஷம் முந்தியே வந்துவிடுகிறது. பிள்ளைகள் படிப்பு முடியாத, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாத வயசு அது.

எங்கள் செம்பரம்பாக்கத்தில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுச் சகோதரி என்னிடம் கேட்டாள்: "அக்கா, ரெண்டு இடத்துல ஸ்கேன் எடுத்தாச்சு. மூளை நல்லா இருக்கு, ஒண்ணுமே இல்லேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் ஏன்க்கா இவர் கையில டம்ளர் நிக்க மாட்டேங்குது?" உறவுக்காரர்கள் சிலர், "மனசுலதான் கோளாறு, வேலைக்குப் போகச் சோம்பல்" என்று பேசவும் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய கேள்விக்குப் பதில் தேடி, படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இந்த முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏரியும் வாய்க்காலும்

முதலில் இந்த நோய் எங்கே உட்காருகிறது என்று பார்ப்போம். எங்கள் ஊர் ஏரியை வைத்தே சொல்கிறேன். இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறது. முன்பு அதன் மதகுகளைத் திறந்தால் சுற்றுப்பட்ட வயல்களுக்குப் பாயும். ஏரியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் புறப்படும். அதிலிருந்து கிளை வாய்க்கால் பிரிந்து ஒவ்வொரு வயலுக்கும் போகும்.

நம் மூளைதான் ஏரி. 'கையைத் தூக்கு' என்ற உத்தரவு அங்கே பிறக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வரை வரும் நரம்பு செல் பெரிய வாய்க்கால். தண்டுவடத்திலிருந்து சதைக்குப் போகும் நரம்பு செல் கிளை வாய்க்கால். இந்த இரண்டு வகைச் செல்லுக்கும்தான் மோட்டார் நியூரான் என்று பெயர். கிளை வாய்க்கால் தூர்ந்தால் வயல் காய்கிற மாதிரி சதை மெலியும், தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி துடிக்கும். பெரிய வாய்க்கால் கெட்டால் கை கால் விறைக்கும், முட்டியில் தட்டினால் கால் அதிகமாகத் துள்ளும். சாதாரண வகையில் இரண்டும் சேர்ந்து கெடுகிறது. 

(கண்ணிமை துடிப்பதற்கும், களைத்துப் படுத்தால் கெண்டைக்கால் துடிப்பதற்கும் பயந்துவிடாதீர்கள். அது எல்லோருக்கும் வருவது. பலம் குறைந்து, சதையும் மெலிந்து, கூடவே துடித்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.)

சாதாரண ஸ்கேன் எதைக் காட்டும்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பது மூளையின் உருவத்தைப் படம் பிடிப்பது. கட்டி இருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா, கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் கரை உடைந்திருப்பது தெரிகிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு வாய்க்காலிலும் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா என்று கரையில் நின்று சொல்ல முடியுமா? மோட்டார் நியூரான் நோயில் உருவம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, ஓட்டம் கெடுகிறது. அதனால்தான் சாதாரண ஸ்கேனில் 'நார்மல்' என்று வருகிறது.

அப்படியானால் டாக்டர் ஏன் ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார்? குணப்படுத்தக்கூடிய வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். கழுத்து எலும்பு அழுத்துவதால் வரும் பலவீனம் பார்வைக்கு இந்த நோய் மாதிரியே இருக்கும். அதற்கு ஆபரேஷன் உண்டு. ஆகவே அந்த ஸ்கேன் வீண் செலவு என்று நினைக்காதீர்கள். மோட்டார் நியூரான் நோயை முடிவு செய்வது நரம்பு டாக்டரின் கைப்பரிசோதனையும், சதையில் மெல்லிய ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனையும்தான். ஸ்கேன் நார்மல் என்று கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்து நடக்க வேண்டியது நடக்காமலே போய்விடும்.

வாய்க்கால் கரையைப் பார்க்கும் ஸ்கேன்

ஓட்டத்தைப் பார்க்க விஞ்ஞானிகள் இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டும் அதே எம்.ஆர்.ஐ. மிஷினில்தான்.

முதல் வழி தண்ணீரை வைத்துத்தான். நம் உடம்பில் எங்கும் தண்ணீர் இருக்கிறது. திறந்த வெளியில் கொட்டிய தண்ணீர் நாலாபக்கமும் பரவும். வாய்க்காலில் விட்ட தண்ணீர் நீளவாக்கில்தான் ஓடும், கரை தடுக்கும். நரம்பு நாரும் அப்படித்தான். நார் நன்றாக இருந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் நீளவாக்கில் நகரும். நார் சிதைந்தால் கரை உடைந்த வாய்க்கால் மாதிரி பக்கவாட்டிலும் கசியும். தண்ணீர் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால் நார்களின் நிலைமை தெரிந்துவிடும். அமெரிக்காவில் பீட்டர் பாஸரும் கூட்டாளிகளும் 1994-ல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

இந்த நோயாளிகளை அப்படிப் படம் எடுத்தபோது இரண்டு இடத்தில் கரை உடைந்திருப்பது தெரிந்தது. ஒன்று, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் அந்தப் பெரிய வாய்க்கால். இன்னொன்று, இடது மூளையையும் வலது மூளையையும் சேர்க்கும் பாலத்தின் நடுப்பகுதி. பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியான விஷயம் இது.

ஒரே டிரான்ஸ்பார்மர் வீடுகள்

இரண்டாவது வழி இன்னும் வேடிக்கை. சாயந்திரம் உங்கள் வீட்டு லைட் மங்குகிறது. அதே நொடியில் நாலு வீடு தள்ளியுள்ள மாமி வீட்டு லைட்டும் மங்குகிறது. கம்பத்தில் ஏறிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், இரண்டு வீடும் ஒரே டிரான்ஸ்பார்மர் என்று. மூளையிலும் இதே கணக்குதான்.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே வரும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறும். அதை எம்.ஆர்.ஐ. மிஷினில் பார்க்கலாம் என்று ஜப்பானில் பிறந்த செய்ஜி ஒகாவா 1990-ல் காட்டினார். 1995-ல், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பாரத் பிஸ்வால், அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆள் கையைக் காலை அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும், இடது கையை ஆட்டும் மூளைப் பகுதியும் வலது கையை ஆட்டும் பகுதியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. வேலை இல்லாத நேரத்திலும் இரண்டும் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன! நம் வீட்டுப் பெண்கள் மாதிரி என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் மூளையின் 'உறவு முறை' தெரிந்துவிடும். நோயாளி எதுவும் செய்ய வேண்டாம், சில நிமிஷம் அசையாமல் படுத்திருந்தால் போதும். கை அசைக்க முடியாதவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான பரிசோதனை உண்டா?

உறவு கூடினால் நல்லதுதானே?

2009-ல் ஜெர்மனியில் பார்த்தபோது, இந்த நோயாளிகளுக்கு அசைவுப் பகுதிகளின் உறவு குறைந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் 2011-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம். நார்கள் சிதைந்த அதே வட்டாரத்தில் சில பகுதிகளின் உறவு கூடியிருந்தது. 'ஒன்று விழுந்தால் மற்றது தாங்குகிறது போலும்' என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் நோய் மெதுவாகப் போகிறவர்களின் மூளைதான் நல்ல ஆட்களின் மூளையைப் போல இருந்தது. வேகமாகப் போகிறவர்களிடம்தான் இந்த உறவு மிஞ்சியிருந்தது.

ஏன் அப்படி? இரண்டு விதமாக யோசிக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் படுத்துவிட்டால் இளைய மருமகள்கள் ஓடி ஓடி வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது ஒரு விதம். 'போதும், நிறுத்து' என்று அடக்கும் பெரியவர் இல்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது இன்னொரு விதம். மூளையிலும் அடக்கி வைக்கும் செல்கள் உண்டு. அவை அழிந்தால் மற்றவை கட்டுப்பாடில்லாமல் கிளர்ந்து, தாங்களும் தேய்ந்து போகலாம் என்கிறார்கள்.

ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் 2010-ல் செய்த ஆராய்ச்சியிலும், அசைவுப் பகுதிகளின் உறவு பலமாக இருந்தவர்களுக்கு நோய் வேகமாக நகர்ந்தது. நல்ல வாய்க்கால் வழியாகத்தான் கெட்ட தண்ணீரும் சீக்கிரம் பரவும் என்பதுபோல், நோயே இந்த நரம்புப் பாதைகள் வழியாக ஊர்கிறதோ என்ற எண்ணம் இப்படிப் பலப்பட்டது. 2013-ல் ஜெர்மானிய, அமெரிக்க டாக்டர்கள் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, கெட்டுப்போன ஒரு புரதம் நான்கு கட்டமாக, ஒன்றோடொன்று தொடர்புள்ள பகுதிகளில் அடுத்தடுத்துக் காணப்படுவதை எழுதினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்கேன் முடிவெல்லாம் சில நோயாளிகளையும், சில நல்ல ஆட்களையும் படம் எடுத்துச் சராசரி பார்த்துச் சொல்வது. உங்கள் வீட்டுக்காரர் ஒருவரை மட்டும் எடுத்து 'இந்த நோய்தான்', 'இவ்வளவு வருஷம்தான்' என்று சொல்ல இந்த ஸ்கேனால் இன்னும் முடியாது. ஆகவே யாராவது 'மூளைத் தொடர்பு ஸ்கேன்' என்று பெரிய தொகை கேட்டால் நகையை அடகு வைத்துவிட்டு ஓடாதீர்கள். ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் கேட்டால், விவரம் கேட்டு, சம்மதம் இருந்தால் கொடுங்கள்.

காரணமில்லாத அழுகை

'அப்படியானால் இதைத் தெரிந்து நமக்கென்ன லாபம்?' என்று கேட்பீர்கள். லாபம் இருக்கிறது.

இந்த நோயாளிகளில் சிலர் திடீரென்று விம்மி அழுவார்கள். அல்லது சாவு வீட்டில் உட்கார்ந்து சிரிப்பார்கள், அடக்க முடியாது. பார்க்கிறவர்கள் 'புத்தி பேதலித்துவிட்டது' என்பார்கள், வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். உண்மையில் அவர் மனசில் அவ்வளவு துக்கமோ சந்தோஷமோ இருக்காது. சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வைக்கும் பாதைகள் அறுந்ததால் வருவது அது. அதற்கு மருந்தும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால், 'எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்குறீங்களே' என்று நாம் கடிந்துகொள்ள மாட்டோம்.

இன்னொன்று. அசைவுக்குச் சம்பந்தமில்லாத பகுதிகளிலும் தொடர்பு மாறுவதை ஸ்கேன் காட்டியிருக்கிறது. சாதாரண வகை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு யோசனையிலோ குணத்திலோ சிறிது மாற்றம் வரலாம். எதிலும் அக்கறை இல்லாமல் இருப்பார்கள், அல்லது சட்டென்று எரிந்து விழுவார்கள். இருபது வருஷம் அன்பாக இருந்த மனுஷன் மாறிவிட்டாரே என்று நீங்கள் உடைந்து போக வேண்டாம். பலருக்குப் புத்தி கடைசிவரை தெளிவாகவே இருக்கும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயசில், 1963-ல் இந்த நோய் என்றார்கள். 2018-ல் 76 வயசில் காலமாகும்வரை அவர் யோசிப்பதை நிறுத்தவில்லை. அவ்வளவு நீண்ட ஆயுள் அபூர்வம் என்பதும் உண்மை. சாதாரண வகையில் பலருக்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் என்பது மேல்நாட்டுக் கணக்கு. நம் நாட்டில் அதைவிட அதிக காலம் இருப்பதாக நிம்ஹான்ஸ் கணக்கு சொல்கிறது.

தாய்மார்கள் தவறவிடக் கூடாத இரண்டு

எங்கள் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று போனால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். வெளியூர்ப் பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயசுப் பையன், 'ஒரு கை மட்டும் மெலிஞ்சிட்டே வருதும்மா, குளிர்ல விரல் வேலை செய்ய மாட்டேங்குது' என்றால், 'ஷிப்ட் வேலை, ஸ்குரு முடுக்கி முடுக்கி அப்படி ஆச்சு' என்று விட்டுவிடாதீர்கள். 1959-ல் ஜப்பானிய டாக்டர் ஹிராயமா எழுதிய ஒரு நோய் இருக்கிறது. பெங்களூரில் டாக்டர் கௌரி தேவி என்ற பெண்மணி 1984-ல், நம் நாட்டில் ஒரே கையோ ஒரே காலோ மெலியும் 23 பேரைப் பற்றி எழுதினார். ஹிராயமா நோய் கையில் வருவது. சில வருஷம் வளர்ந்து பிறகு தானாக நின்றுவிடும், உயிருக்குப் பயமில்லை. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் நசுங்குவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். ஆகவே நிமிர்ந்து படுத்து எடுத்த ஸ்கேனில் தெரியாமல் போகலாம். கழுத்தைக் குனிய வைத்து எடுத்தால் தெரியும். ஆரம்பத்திலேயே கழுத்துப் பட்டை போட்டுக் குனியாமல் பார்த்துக்கொண்டால் மேலும் மெலிவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. இங்கே சரியான ஸ்கேன் ஒரு பையனின் கையையே காப்பாற்றும்!

இரண்டாவது, குழந்தைகளுக்கு. காது மந்தம், கூடவே முகம் தொங்குவது, விழுங்கத் திணறுவது, மூச்சு வாங்குவது, கை கால் பலம் குறைவது என்று வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். மெட்ராஸ் வகையைப் போலவே தோற்றம் காட்டும் ஓர் அபூர்வப் பரம்பரை நோய் உண்டு. பி-2 வைட்டமினைச் செல்லுக்குள் ஏற்றிச் செல்லும் புரதம் பழுதாவதால் வருவது. சாமான் இருந்தும் இறக்க ஆள் வராத கதை. 2010-ல் அதற்கான ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதிக அளவு பி-2 கொடுத்துப் பல குழந்தைகளுக்குப் பலம் திரும்பியிருக்கிறது. அதற்காகக் கடையில் பி-2 மாத்திரை வாங்கி நீங்களே கொடுத்துவிட வேண்டாம். டாக்டர் கொடுக்கும் அளவு வேறு, பரிசோதனையும் வேண்டும். 'இது அதுவாக இருக்குமா டாக்டர்?' என்று கேட்பது நம் உரிமை.

ஸ்கேனுக்குப் போகுமுன்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, பெரிய காந்தம்தான். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. தாலிச் சரட்டில் நாம் கோத்து வைக்கும் ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மனசு கேட்காதவர்கள் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கொண்டு போகலாம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலும், உடம்புக்குள் பிளேட், கிளிப் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். 'டம் டம்' என்று சத்தம் வரும். காதுக்கு அடைப்புக் கேளுங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும் நோயாளி என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் நம் கையில் இருப்பது

சாதாரண வகைக்கு ரிலுசோல் என்ற மாத்திரை 1995-லிருந்து இருக்கிறது. நோயைக் குணமாக்காது, சில மாசம் ஆயுளைக் கூட்டும். மற்றபடி நோயாளியை நன்றாக வாழவைப்பது சாப்பாடும் மூச்சும் பேச்சும்தான். இந்த மூன்றிலும் நமக்குப் பங்கு உண்டு.

சாப்பாடு: ரசம் சாதம் எளிது என்று நினைப்போம். தண்ணியும் பருக்கையும் தனித்தனியாக ஓடுவதால் இவர்களுக்குப் புரையேறும். குழைய வடித்த சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டு ஒன்றாக மசித்துக் கொடுங்கள். கெட்டித் தயிர் சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், சாம்பாரில் ஊறவைத்து மசித்த இட்லி ஒத்துக்கொள்ளும். முறுக்கு, பொரி, வறண்ட சப்பாத்தி வேண்டாம். வெறும் தண்ணீர் புரையேறினால் கஞ்சி பதத்தில் கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, சின்ன ஸ்பூனால் ஊட்டுங்கள். அந்த நேரத்தில் டி.வி. வேண்டாம், பேச்சும் வேண்டாம். சாப்பிட்டபின் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். மாசம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்கினால், வயிற்றில் நேராக வைக்கும் குழாயைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். 'குழாய் வைத்தால் முடிவு வந்துவிட்டது' என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். மூச்சு நன்றாக இருக்கும்போதே வைப்பதுதான் நல்லது.

மூச்சு: காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் தூங்கித் தூங்கி விழுவது, மல்லாந்து படுக்க முடியாமல் நாலு தலையணை கேட்பது, இவை மூச்சுச் சதை தளர்வதன் அடையாளம். இரவில் முகமூடி மாதிரி போட்டுக்கொள்ளும் மூச்சு மிஷின் இருக்கிறது. நல்ல தூக்கமும் கொடுக்கும், ஆயுளையும் நீட்டும்.

பேச்சு: நாக்கு தடுமாறத் தொடங்கியதுமே ஓர் அட்டை தயார் செய்யுங்கள். பிள்ளையின் பழைய காலண்டர் அட்டை போதும். மேல் வரிசையில் 12 உயிரெழுத்து, கீழே 18 மெய்யெழுத்து. நீங்கள் விரலை நகர்த்த, அவர் கண்ணைச் சிமிட்டட்டும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் எந்தச் சொல்லும் கிடைத்துவிடும். ஓரத்தில் 'தண்ணீர்', 'வலி', 'திருப்பிப் படுக்க வை', 'பேன் போடு' என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். பேச முடியாதவருக்குச் சொல்ல வழி இருந்தால் பாதிக் கோபம் போய்விடும்.

எழுந்து நடமாட முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் புண் வராது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் தருகிறார்கள்; உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் கொடுங்கள். நரம்பு டாக்டரைப் பார்க்க எங்களைப் போலப் பூந்தமல்லி வழியாகச் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கே போகலாம். வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூர் நிம்ஹான்ஸும் எட்டாத தூரமில்லை.

போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். எந்த மாசம் எந்தக் கையில் தொடங்கியது, எப்போது செருப்பு நழுவியது, எப்போது முதலில் புரையேறியது, எடை எவ்வளவு, காது எப்படி, சொந்தத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, சொந்தத்தில் கல்யாணமா என்று தேதி போட்டு எழுதுங்கள். பழைய ஸ்கேன் படங்களைச் சுருட்டி மடக்காமல் வையுங்கள். 1970-ல் சென்னை டாக்டர்கள் ஒரு புது நோயைக் கண்டுபிடித்தபோது அவர்களிடம் இந்த ஸ்கேன் மிஷின் கிடையாது. நோயாளியைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டிலிருந்து கவனித்துச் சொல்கிற உங்கள் வார்த்தைக்கு அன்றும் இன்றும் ஒரே மதிப்புதான்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை, சகோதரி. வாரத்தில் ஒரு மத்தியானமாவது மைத்துனரையோ நாத்தனாரையோ பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் தூங்குங்கள். பார்த்துக்கொள்கிறவள் படுத்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டு வாங்குங்கள்.